‘ஒப்புக்கொள்’: சொல்லுக்குள் இருக்கும் ஒப்பும் கொள்ளும்

கேள்வி இதுதான். “குற்றத்தை ஒப்புக்கொண்டான், வேலையை ஒப்புக்கொண்டான், வருவதற்கு ஒப்புக்கொண்டான் என்று மூன்று இடத்திலும் ஒரே வினை வருகிறது. இதன் அடிப்படைப் பொருள் என்ன? எங்கிருந்து வந்தது? ஒத்துக்கொள் என்பது இதன் பேச்சு வடிவம்தானா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை, அவ்வளவுதான். உருவான விதம் வேறு, போய்ச் சேர்ந்த இடமும் கொஞ்சம் வேறு. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் வேர்.

வேர் ‘ஒ’ என்ற ஒற்றைக் குறில். தனியாக அது எங்கும் நடமாடாது. ஏதாவது ஒன்றோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். ஒத்தான், ஒக்கும், ஒப்பான், ஒக்க, ஒத்த. எதிர்மறையில் ஒவ்வான், ஒவ்வாது. பொருள், போல இருத்தல், சமமாக இருத்தல், பொருந்துதல். குற்றம், சம்மதம், தோல்வி எதுவும் இந்த வேரில் கிடையாது. இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பார்வை மட்டுமே இருக்கிறது. தொல்காப்பியம் உவம உருபுகளை அடுக்கும்போது ‘ஒப்ப’ என்பதையும் சேர்த்திருப்பது அதனால்தான்.

திருக்குறளில் இந்த வேர் உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் ஒரே அடியில் வரும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: “பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா” (972). ஒக்கும் என்றால் சமம், ஒவ்வா என்றால் சமமாகாது. இன்னொரு குறள் இந்த வேரை வைத்து விளையாடவே செய்கிறது: “உறுப்பொத்தல் மக்களொப் பன்றால் வெறுத்தக்க பண்பொத்தல் ஒப்பதாம் ஒப்பு” (993). கை கால் ஒத்திருப்பது ஒப்பு ஆகாது, பண்பு ஒத்திருப்பதே ஒப்பு என்கிறார். ஒன்றே முக்கால் அடிக்குள் ஐந்து தடவை அதே வேர்.

போகிற போக்கில் ஒன்று. “மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்” (1071) என்ற குறளை முதன்முதலாகப் படிக்கிறவர்கள் ‘ஒப்பாரி’ என்ற இடத்தில் கட்டாயம் ஒரு நொடி நிற்பார்கள். அங்கே அதற்கு அழுகை என்று பொருள் இல்லை, ஒப்புமை என்றுதான் பொருள். இறந்தவரை இன்னதற்கு இன்னது என்று ஒப்பிட்டுச் சொல்லி அழுவதால் அழுகைப்பாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. ‘ஒப்புச் சொல்லி அழுதாள்’ என்ற வழக்கு இன்னும் இருக்கிறது. ஒப்பாரியும் ஒப்புக்கொள்ளலும் ஒரே குடும்பம் என்பது முதலில் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

சரி, ‘போல இருத்தல்’ எப்படிச் ‘சம்மதித்தல்’ ஆனது? நடுவே ஒரு படி இருக்கிறது: இரண்டு பொருள்கள் ஒத்திருப்பதைப்போல இரண்டு மனங்கள் ஒத்திருப்பது. “ஒத்த தறிவான் உயிர்வாழ்வான்” (214) என்ற குறள் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வருகிறது. அங்கே ‘ஒத்தது’ என்றால் உலக நடைக்குப் பொருந்துவது. ஒப்புரவு என்ற சொல்லே அந்தப் பொருத்தத்திலிருந்து வந்ததுதான். “உறின்நட்டு அறின்ஒரூஉம் ஒப்பிலார் கேண்மை” (812) என்னும்போது ‘ஒப்பிலார்’ வசைச்சொல். ஆதாயம் இருந்தால் நட்பு, இல்லாவிட்டால் கம்பி நீட்டுவது என்று இருப்பவர்கள், நம் மனத்தோடு ஒவ்வாதவர்கள். இன்றைக்கு ஒருவரை ‘ஒப்பில்லாதவர்’ என்றால் அதைவிடப் பெரிய புகழ்ச்சி இல்லை. அதே சொல், அதே வேர். ஒப்பு யாரோடு என்பது மட்டும் மாறிவிட்டது.

மனம் ஒத்துப்போவதற்கு இன்றும் அன்றாடப் பேச்சில் நல்ல சான்று இருக்கிறது. “போகலாம்தான், ஆனால் மனசு ஒப்பவில்லை” என்கிறோம். இங்கே ‘ஒப்பு’ என்பதே ஒரு வினை. ஒப்பினான், ஒப்பி, ஒப்பாமல், ஒப்புதல். ‘ஒ’ என்ற வேரிலிருந்து ‘ஒப்பு’ என்று ஒரு பெயரும் அதே உருவில் ஒரு வினையும் கிளைத்திருக்கின்றன. வினைக்கு ‘இசைதல்’ என்று பொருள். மனசு ஒப்பவில்லை என்று சொல்லும்போது யாரும் எதிரே நின்று எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்யப்போகிற காரியத்தையும் மனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், இரண்டும் பொருந்தவில்லை.

அடுத்த படிதான் எனக்குப் பிடித்தது. பொருளும் பொருளும் ஒத்தன, மனமும் மனமும் ஒத்தன. இப்போது சொல்லும் உண்மையும் ஒக்க வேண்டும். கணக்குப் பார்க்கிறவர்கள் ‘வரவும் இருப்பும் ஒத்துப்போகிறது’ என்பார்கள். அச்சுப்படி திருத்துகிறவர்கள் மூலத்தோடு ‘ஒப்புநோக்குவார்கள்’. ஆனால் இந்தப் பொருளை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு பிள்ளை பாடம் ஒப்பிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். புத்தகம் பெரியவர் மடியில் இருக்கும். பிள்ளை எதிரே கைகட்டி நிற்கும், கண் மேலே எங்கோ சொருகியிருக்கும். பிள்ளை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல பெரியவரின் விரல் வரியில் நகரும். ஒரு சொல் தவறினால் விரல் நின்றுவிடும். “ம்ம்?” என்று ஒரு ஒலி. பிள்ளை திரும்பவும் அந்த வரியின் தலைக்குப் போய் ஓடிவரும். ‘ஒப்பித்தல்’ என்ற சொல்லை நாம் ‘மனப்பாடமாகச் சொல்லுதல்’ என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நேர்ப்பொருள் ‘ஒக்கும்படி செய்தல்’. வாயில் வருவதும் ஏட்டில் இருப்பதும் ஒக்க வேண்டும். அதைச் சரிபார்க்க ஒரு விரல் வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொள்வதும் இதே மாதிரியான வேலைதான் என்பது என் எண்ணம். நடந்தது ஒரு பக்கம் ஏடுபோல இருக்கிறது. அதற்கு நேராக நம் வாய்ச்சொல்லை வைக்கிறோம். இரண்டும் ஒக்கின்றன.

இதே வழியில் வந்ததுதான் ஒப்பம், அதாவது கையெழுத்து. மலையாளத்தில் கையெழுத்துக்கு ‘ஒப்பு’ என்பதே அன்றாடச் சொல். தமிழில் ஒப்பம் கொஞ்சம் அலுவலகத்தனமாகப் போய்விட்டது என்றாலும், ‘சான்றொப்பமிட்ட நகல்’ கேட்டு அலைந்தவர்களுக்கு நன்றாகப் பழகிய சொல். மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று ஓர் அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். வேரின் பொருள் அச்சு அசலாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. பதிவுத் தபாலோடு போய்த் திரும்பிவந்த ஒப்புகை அட்டை, வாக்கு இயந்திரத்தின் பக்கத்தில் விழும் ஒப்புகைச் சீட்டு எல்லாம் அப்படித்தான். நான் அழுத்திய சின்னமும் சீட்டில் அச்சாகும் சின்னமும் ஒக்கின்றனவா என்று ஏழு நொடி பார்க்கச் சொல்கிறார்கள்.

இனி ‘கொள்’. எடுத்தல், பெறுதல், வாங்குதல் என்பது இதன் பழைய பொருள். கொள்முதல், கொள்வினை என்பவற்றில் இன்னும் அது உயிரோடு இருக்கிறது. துணைவினையாக வரும்போது செயல் செய்பவரிடமே திரும்பி வருவதைக் காட்டும். பார்த்தான், பார்த்துக்கொண்டான், சொன்னான், சொல்லிக்கொண்டான். பொதுவாக இந்தத் துணைவினை வினையெச்சத்துக்குப் பின்னால்தான் வரும். அப்படியானால் ஒப்பு என்ற வினையோடு சேர்ந்தால் ‘ஒப்பிக்கொண்டான்’ என்றுதானே வர வேண்டும்? கன்னடத்தில் அப்படித்தான் வருகிறது: ஒப்பிகொண்டனு. தெலுங்கிலோ ‘ஒப்புகுன்னாடு’, அங்கே உகரம். தமிழில் ‘ஒப்புக்கொண்டான்’. மூன்று மொழிகளும் அதே இரண்டு சொற்களை ஒட்டவைத்து ஒரே பொருளில் வழங்குகின்றன. ஒட்டிய இடத்தில் மட்டும் ஓர் எழுத்து வித்தியாசம். ஒப்பந்தம் என்ற சொல்லும் அப்படியே அந்த இரு மொழிகளிலும் இருக்கிறது. மலையாளம் மட்டும் இந்த வழியில் வரவில்லை. அங்கே ‘சம்மதிச்சு’ என்று வடசொல்லைக் கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள்.

தமிழ் வடிவத்தைப் பார்த்தால், கைக்கொள், ஆட்கொள், மேற்கொள், உட்கொள் என்ற வரிசையில் இதையும் வைக்கத் தோன்றும். முதலில் ஒரு பெயர், பிறகு கொள். ஒப்பைக் கொண்டான் என்று விரித்தும் பார்க்கலாம். எழுத்திலக்கணப்படி அது சரிதான். வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின், அதாவது ‘ப்பு’ போல வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரத்தின் பின், க் மிகுந்திருக்கிறது. ஆனால் பேச்சு அதை அப்படி நடத்துவதில்லை. பேச்சில் சொல்லிக்கொண்டான் ‘சொல்லிக்கிட்டான்’ ஆகிறது. ஒப்புக்கொண்டானும் ‘ஒப்புக்கிட்டான்’ ஆகிறது. ஆட்கொண்டான் ‘ஆட்கிட்டான்’ ஆவதில்லை, மேற்கொண்டான் ‘மேற்கிட்டான்’ ஆவதில்லை. தமிழன் நாக்கு எது துணைவினை, எது முழு வினை என்பதைப் பிரித்துவைத்திருக்கிறது. ஒப்புக்கொள்ளில் இருக்கும் கொள்ளை அது துணைவினைப் பக்கம் போட்டுவிட்டது. இலக்கண நூலையும் நாக்கையும் எதிரெதிரே நிறுத்தினால் நான் நாக்கின் பக்கம்தான் நிற்பேன்.

கொள்ளுக்கு எதிர்ப்பக்கம் கொடு. ‘ஒப்புக்கொடு’ என்று ஒரு வினை இருப்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். கிறிஸ்தவ வழிபாட்டுத் தமிழில் மட்டும் அது செழிப்பாக இருக்கிறது: தன்னைக் கடவுளிடம் ஒப்புக்கொடுத்தல். அதே பொருளில் ஒப்புவித்தலும் உண்டு. “பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்ற விவிலிய வரி எல்லோரும் கேட்டதுதான். பொது வழக்கில் இந்த வேலையை ‘ஒப்படை’ செய்கிறது. கொள் உள்ளே இழுக்கிறது, கொடு வெளியே தள்ளுகிறது. ஆனால் ‘போல இருத்தல்’ எப்படிக் ‘கையில் கொடுத்தல்’ ஆகும்? பொருளை எண்ணிச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் ஒப்படைத்தல் என்று நான் புரிந்துகொள்கிறேன். தூக்கிக் கையில் போட்டுவிட்டுப் போனால் அது கொடுத்தல் மட்டுமே. சாவிக்கொத்தை ஒப்படைத்தேன் என்றால் எத்தனை சாவி என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும். கன்னடத்தில் ‘ஒப்பிஸு’ என்ற ஒரே வினை பாடம் ஒப்பிப்பதற்கும் பொருளை ஒப்படைப்பதற்கும் வருவது இந்த எண்ணத்துக்கு வலு சேர்க்கிறது.

இப்போது ஒத்துக்கொள். இது நேரான வினையெச்சம்: ஒத்து + கொள். ‘ஒப்பு’ என்ற நடுப்படி இல்லாமல் வேரிலிருந்தே வந்தது. அதனால் வேரின் பழைய பொருளான பொருந்துதல் இதில் இன்னும் ஈரமாக இருக்கிறது. “அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லலாம். “அந்த மாத்திரை எனக்கு ஒப்புக்கொள்ளவில்லை” என்றால் சிரிப்பார்கள். மாத்திரைக்கும் உடம்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, பொருத்தம் மட்டுமே உண்டு. மருத்துவத் தமிழில் ‘ஒவ்வாமை’ என்று சொல் ஆக்கியவர்கள் இந்தப் பேச்சு வழக்கையும் குறளின் ‘ஒவ்வா’வையும் ஒரே கயிற்றில் கோத்துவிட்டார்கள். சமீப காலத்தில் உருவான கலைச்சொற்களில் இவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்தவை குறைவு.

ஆக, மனிதன் எதையாவது மனமறிந்து செய்தால் இரண்டு வினையும் பொருந்தும். உடம்பு, தட்பவெப்பம், தண்ணீர் என்றால் ஒத்துக்கொள் மட்டும்தான். மனிதர் செய்யும் இடத்திலும் ஒரு சாயல் வேறுபாடு எனக்குத் தெரிகிறது. ‘ஒத்துக்கிட்டான்’ என்பது வீட்டுக்குள் நடப்பது. ‘ஒப்புக்கொண்டார்’ என்பதற்கு நாலு பேர் சாட்சி இருப்பதுபோல ஒரு தோரணை. ஆனால் இது சாயல்தான். அதை விதியாக்கி, எழுதும்போதெல்லாம் ஒத்துக்கொள்ளை அடித்துத் திருத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒத்து என்ற சொல்லின் அருகே இரண்டு மூன்று போலிகள் நிற்கின்றன, எச்சரிக்கை. கூட்டத்தை ‘ஒத்திவைத்தார்கள்’ என்பதில் உள்ள ஒத்தி, தள்ளுதல் பொருளுடைய ‘ஒற்று’ என்பதன் பேச்சுத் திரிபு. ஒற்றடம் ஒத்தடம் ஆனதும் இப்படித்தான். அதற்கும் ஒப்புக்கும் உறவில்லை. “மறப்பினும் ஓத்துக் கொளலாகும்” (134) என்ற குறளை அவசரமாகப் படித்தால் ‘மறந்தாலும் ஒத்துக்கொள்ளலாம்’ என்று கண் படித்துவிடும். அது நெடில், ஓதப்படுவது ஓத்து, அதாவது வேதம். மறந்தாலும் மறுபடி ஓதிக்கொள்ளலாம் என்பது பொருள். ஆனால் நாகசுரத்துக்குப் பின்னால் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ‘ஒத்து’ என்ற கருவி நம் குடும்பம்தான். சுருதி ஒத்து நிற்பது தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ராகம் எங்கே போனாலும் அது தன் இடத்திலேயே ஊதிக்கொண்டிருக்கும். ஒருவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் சாமி போடுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று சொன்ன முதல் ஆள் யாரோ, கச்சேரியைக் கூர்ந்து கேட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

மூன்று பொருள்கள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வினை ஒன்றுதான், முன்னால் நிற்கும் உருபுதான் பொருளைப் பிரிக்கிறது. ‘தவறை’ என்று ஐ வந்தால் நடந்து முடிந்ததை உண்மை என்று சொல்லுதல். ‘வருவதற்கு’ என்று கு வந்தால் இனி நடக்கப்போவதற்குச் சம்மதித்தல். ‘வேலையை ஒப்புக்கொண்டார்’ என்பதில் ஐ வந்தாலும், வேலை இன்னும் செய்யப்படாத ஒன்று என்பதால் பொறுப்பேற்றல் என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. முடிந்ததோடு சொல்லை ஒக்கவைத்தால் உண்மை சொல்லுதல். முடியாததோடு சொல்லை ஒக்கவைத்தால் வாக்குக் கொடுத்தல். அந்த இடத்தில் சொல்லுக்கு ஏற்றபடி செயல்தான் பிறகு வந்து ஒக்க வேண்டும்.

இதில் நுட்பமான இடம் ஒன்று உண்டு, செய்தி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. “நகையைத் திருடியதை அவர் ஒப்புக்கொண்டார்.” “நகையைத் திருடியதாக அவர் ஒப்புக்கொண்டார்.” ஓர் உருபுதான் வேறு. முதல் வாக்கியத்தை எழுதியவர், திருட்டை அவர்தான் செய்தார் என்று தானும் சாட்சி சொல்லிவிட்டார். இரண்டாவதில், அப்படி அந்த ஆள் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொண்டார். உண்மையா இல்லையா என்பது இன்னும் திறந்தே கிடக்கிறது. வழக்கு தீராத நிலையில் ‘ஐ’ போட்டு எழுதுவது தீர்ப்பை முன்கூட்டியே எழுதுவது. இன்னொரு பழக்கமும் உண்டு. யார் எதைச் சொன்னாலும் ‘ஒப்புக்கொண்டார்’ என்று போடுவது. “தனக்குச் சொந்தமாக ஒரு கார் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டார்” என்று எழுதினால், கார் வைத்திருப்பதே ஏதோ மறைக்க வேண்டிய காரியம் மாதிரி ஆகிவிடும். ஏனென்றால் இந்த வினைக்குள் ஒரு முன்கதை இருக்கிறது: அதுவரை அவர் மறுத்தார், அல்லது தயங்கினார், அல்லது மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். ‘நன்றாகப் பாடினாள் என்று சொன்னேன்’ என்பதற்கும் ‘நன்றாகப் பாடினாள் என்று ஒப்புக்கொண்டேன்’ என்பதற்கும் உள்ள இடைவெளி அதுதான். இரண்டாவதைச் சொன்னவருக்கும் பாடியவளுக்கும் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது.

தமிழில் ஒப்புக்கொள்வது எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு கண்ணாடி தம்ளர் உடைந்த வீட்டுக்குப் போனால் போதும். பையன் நிற்கிறான். தரையில் சில்லுகள்.

“என்னடா ஆச்சு?”

“உடைஞ்சிடுச்சும்மா.”

“அதுவா உடைஞ்சுதா?”

மௌனம். பெருவிரல் தரையைத் தேய்க்கிறது.

“இல்லம்மா… நான்தான் உடைச்சிட்டேன்.”

உடைந்தது, உடைத்தேன். நகரம் போய்த் தகரம் வந்தது, கூடவே ஒரு ‘நான்தான்’ வந்தது. தமிழில் தன்வினை, பிறவினை வேறுபாடு பல சொற்களில் இந்த ஒரு மெய்யெழுத்தில்தான் இருக்கிறது: கிழிந்தது, கிழித்தேன்; முறிந்தது, முறித்தேன். பொருளே தானாக உடைந்துவிட்டதாகச் சொல்ல மொழி ஒரு வசதியான கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவதைத்தான் அம்மா பிறகு அப்பாவிடம் “அவனே ஒத்துக்கிட்டான்” என்கிறாள். அந்த ‘அவனே’யும் முக்கியம். கொள் என்ற துணைவினையில் ‘தான்’ இருப்பதால், அது தானாகச் செய்தால்தான் அழகு.

சட்டமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இன் 25ஆம் பிரிவு, காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் அதை விட்டுவிடவில்லை. குற்றவியல் நடுவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போதுகூட, ‘நீ இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படலாம்’ என்று முதலில் விளக்கிவிட வேண்டும். ‘ஒப்புக்கொண்டான்’ என்பதற்கும் ‘ஒப்புக்கொள்ள வைத்தார்கள்’ என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைச் சட்டம் அளந்துவைத்திருக்கிறது. ஒரு வேடிக்கை: ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்றால் கீழே நிற்பவர் கொடுப்பது, வெறும் ‘ஒப்புதல்’ என்றால் மேலே இருப்பவர் கொடுப்பது. மசோதாவுக்கு ஆளுநர் தருவதும் ஒப்புதல்தான்.

பணிதல், விட்டுத்தருதல் என்ற பக்கமாகவும் கேட்கலாம் என்பதால் அண்டை வீட்டுச் சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ஏற்றுக்கொள் என்பது ‘ஏல்’ என்ற வேர், வாங்குதல், தாங்குதல். ஆத்திசூடியின் ‘ஏற்பது இகழ்ச்சி’யில் வருவது இரந்து வாங்குதல். “தோல்வியை ஒப்புக்கொண்டார்” என்றால், தோற்றது உண்மை என்று சொல்லிவிட்டார். “தோல்வியை ஏற்றுக்கொண்டார்” என்றால் அதைத் தூக்கிச் சுமக்கவும் தயாராகிவிட்டார். முதலாவது வாயால் முடிந்துவிடும், இரண்டாவதற்கு நாளாகும். மன்னிப்பை ஏற்றுக்கொள்ளலாம், ஒப்புக்கொள்ள முடியாது, அன்பளிப்பும் அப்படியே. வடமொழியிலிருந்து வந்த அங்கீகரி இதற்கு இன்னும் ஒரு படி மேலே போய், அங்கமாகவே ஆக்கிக்கொள்ளுதல் என்கிறது.

பழைய நூல்களில் வாதத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளும் வேலையைச் செய்தது ‘உடன்படு’. நன்னூல் எழுவகை மதத்தை, அதாவது நூல் எழுதுகிறவர் ஒரு கருத்தின்மேல் எடுக்கும் ஏழு நிலைகளை, சொல்லத் தொடங்கும்போதே “உடன்படல் மறுத்தல்” என்றுதான் தொடங்குகிறது. மூன்றாவதாக “பிறர்தம் மதமேற் கொண்டு களைவு” என்கிறது: எதிராளி சொல்வதை முதலில் ஒப்புக்கொண்டு, அந்த வழியிலேயே போய், பிறகு அதைத் தள்ளுவது. ‘ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம், நீங்கள் சொல்வதே சரி என்று வைத்துக்கொள்வோம்’ என்று நாம் ஆரம்பிக்கும்போதெல்லாம் பவணந்தியார் காட்டிய மூன்றாம் மதத்தில்தான் நிற்கிறோம். குறளில் இதுவே ‘உடம்பாடு’ என்று வருகிறது. “உடம்பா டிலாதவர் வாழ்க்கை” (890) குடிசைக்குள் பாம்போடு குடியிருப்பது மாதிரி என்கிறார். அங்கே உடம்பு என்று பிரித்துப் படித்துத் தடுமாற வேண்டாம், உடன்பாடுதான்.

இணங்கு, இசை இரண்டும் சேருதல் பொருளிலிருந்து சம்மதத்துக்கு வந்தவை. ‘இணக்கம் அறிந்து இணங்கு’ என்று ஔவையார் சொன்னபோது அது நட்புக்கொள்ளுதல். இன்று ‘வற்புறுத்தலுக்கு இணங்கினார்’ என்னும்போது தலை கொஞ்சம் குனிந்திருக்கிறது. மசிதல் அதைவிடத் தெளிவு. குழைந்து உருக்குலைந்து போவது மசிதல். ‘அவன் எதற்கும் மசியமாட்டான்’ என்பதை விளக்கவே வேண்டாம். இவற்றில் எல்லாம் ஒரு பக்கத்துக்கு வடிவம் மாறுகிறது. ஒப்புக்கொள்ளில் யாரும் வளைவதில்லை. இரண்டும் ஏற்கெனவே ஒரே அளவு என்று காண்பதோடு சரி. அதனால்தான் ‘ஒப்புக்கொள்ளுதல் அடங்கிப்போவதுதானே’ என்று யாராவது சொன்னால் சொல் அதற்கு இடம் தரவில்லை என்பேன்.

விட்டுக்கொடு என்ற வினையில் எனக்குத் தனி மயக்கம் உண்டு. விடுகிறான், கொடுக்கிறான், இரண்டுமே கையிலிருந்து வெளியே போவது. ‘தம்பிக்கு விட்டுக்கொடு’ என்று கு வந்தால் பெருந்தன்மை. ‘தம்பியை விட்டுக்கொடுக்காதே’ என்று ஐ வந்தால் காட்டிக்கொடுக்காதே, நாலு பேர் முன்னால் அவனைத் தாழ்த்திப் பேசாதே என்று பொருள். ஒரே குடும்பத்தில் ஒரே பிள்ளைக்கு இரண்டு அறிவுரையும் ஒரே நாளில் கிடைக்கும்.

எழுத்துச் சந்தேகம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். ‘ஒப்பு கொண்டான்’ என்று க் இல்லாமல் எழுதுவது பிழை. ‘ஒப்புக் கொண்டான்’ என்று பிரித்து எழுதுவது பழக்கத்தில் இருக்கிறது, படிக்க இடைஞ்சல் இல்லை. ஆனாலும் ஒரே வினை என்பதால் நான் சேர்த்தே எழுதுகிறேன். பிரிப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பக்கத்திலேயே ‘ஒப்புக்கு’ என்று ஒரு சொல் நிற்கிறது. விளையாட்டில் ஆள் கணக்குக்காகச் சேர்த்துக்கொண்ட சின்னப்பிள்ளை ‘ஒப்புக்குச் சப்பாணி’; அவன் அவுட் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஆட்டத்தில் ஒன்றும் மாறாது. ஒப்பு அங்கே வெறும் பார்வைக்கு ஒத்திருப்பது, உள்ளே ஒன்றும் இல்லாதது. அதனால் ‘ஒப்புக்கு ஒப்புக்கொண்டான்’ என்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல முடியும். அடுத்த வாரமே அதே தவறைத் திரும்பச் செய்கிறவனைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள்.